கடையைப் பூட்டினால் ஒப்பந்தம் முடிந்துவிடாது: ஃபிரான்சைஸ் உணவகம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பிராண்டின் பெயரில் கடை நடத்த அந்த நிறுவனத்தோடு போடும் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் கட்டணம், ராயல்டி (பிராண்ட் நிறுவனத்துக்குத் தொடர்ந்து கட்டும் பங்கு), கடை எல்லை பற்றிய பக்கங்களை எல்லோரும் கூர்ந்து படிக்கிறார்கள். முறிவு பற்றிய பகுதி கடைசியில் கிடக்கும். கையெழுத்துப் போடும் நாளில் அதைப் பேசுவது அபசகுனமாகத் தோன்றும்போல.

அடிக்கடி நடக்கும் தவறு, "கொஞ்ச நாள் மூடிவைப்போம்" என்பது. சமையல் ஆள் நின்றுவிட்டார், வியாபாரம் மந்தம், உள்ளே பழுதுவேலை, காரணம் எதுவும் இருக்கலாம். தொடர்ந்து இத்தனை நாள் கடை திறக்காவிட்டால் கைவிட்டதாகக் கொள்ளப்படும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தில் அந்தக் கணக்கு 5 நாள். இனி நடத்தும் எண்ணமே இவருக்கு இல்லை என்று கருத நியாயம் இருந்தால் அதைவிடக் குறைவான நாளும் போதும். தீ, வெள்ளம், நிலநடுக்கம் போல நம் கையை மீறியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆள் கிடைக்கவில்லை என்பதை அந்த வரிசையில் சேர்த்து வாதாடுவது கடினம்.

அதே சட்டம் பல மீறல்களுக்குத் திருத்திக்கொள்ளக் குறைந்தது 60 நாள் தருகிறது. கைவிடலுக்கு ஒரு நாளும் தருவதில்லை. ராயல்டி பாக்கிக்கும் நோட்டீஸ் வந்தபின் 5 நாள்தான். ஆகவே கடையை மூட வேண்டி வந்தால், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டு பிராண்ட் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஏரியா மேனேஜர் போனில் "பரவாயில்லை" என்றதை நம்ப வேண்டாம். எழுத்தில் இல்லாத சலுகை செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

நோட்டீஸ் வந்ததும் குறையைச் சரிசெய்துவிட்டுச் சும்மா இருப்பது அடுத்த தவறு. சரிசெய்ததற்குப் படம், ரசீது, தேதியோடு பதில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் திருத்தியிருந்தாலும், மீறல் திரும்பத் திரும்ப நடந்தால் அதுவே முறிவுக்குக் காரணமாகலாம்.

நஷ்டக் கடையை மூடிவிட்டால் ராயல்டியும் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் வருடங்களின் ராயல்டியையும் பிராண்ட் நிறுவனம் கேட்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1996இல் அச்சகத் தொடர் ஒன்றின் வழக்கில், அப்படி எதிர்கால ராயல்டியைப் பிராண்ட் நிறுவனம் கேட்க முடியாது என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தை முறித்தது பிராண்ட் நிறுவனமே, அந்த இழப்பு அதன் முடிவால் வந்தது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். நீங்களே பூட்டிவிட்டுப் போனால் இந்த வாதம் உங்களுக்கு உதவுமா என்பது சந்தேகம். போதாததற்கு, முறிந்தால் இவ்வளவு இழப்பீடு என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு.

கட்டட வாடகை ஒப்பந்தம் முறிந்தால் ஃபிரான்சைஸும் முறியலாம். ஒரு கிளையில் செய்த மீறல் உங்கள் இன்னொரு கிளையையும் இழுக்கலாம். இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் தனி விதிகள் இருக்கும், தேடிப் பாருங்கள்.

முறிந்தபின் பழைய பெயர்ப்பலகையோடு, பழைய மெனுவோடு கடையை ஓட்டுவது வர்த்தகச் சின்ன வழக்கைத் தானாகத் தேடிப் போவது. பெயரை மட்டும் மாற்றி அதே உணவை அதே இடத்தில் விற்றாலும் போட்டித் தடை விதி (விலகியவர் அதே வகைத் தொழில் செய்யக் கூடாது என்பது) குறுக்கே நிற்கலாம். அந்த விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

விலகியே ஆக வேண்டுமென்றால் கடையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கவோ, இருவரும் ஒத்துக்கொண்டு முடிக்கவோ கேளுங்கள். அப்படி முடிக்கும்போது, கம்பெனி பெயரில் எடுத்த ஃபிரான்சைஸுக்கு நீங்கள் தனிப்பட்ட முறையில் போட்ட ஜாமீன் கையெழுத்திலிருந்தும் உங்களை விடுவிப்பதாக முடிவுப் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.