நாலு பேர் சேர்ந்து எடுக்கும் வீடு: கரண்ட் பில் முதல் தண்ணீர் கேன் வரை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலை, வல்லம், திருமலைசமுத்திரம், கும்பகோணம், திருவாரூர் நீலக்குடி, சிதம்பரம் அண்ணாமலைநகர் என்று டெல்டாவில் கல்லூரி இருக்கும் இடமெல்லாம் மாணவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். வாடகையில் பெரும்பாலும் சண்டை வராது, அது முன்கூட்டியே பேசிய தொகை. கரண்ட் பில்லில்தான் வரும். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆட்களோ மாத நடுவில் வருவார்கள், செமஸ்டர் லீவுக்குப் போவார்கள், திடீரென்று ஒருவர் ஹாஸ்டலுக்கு மாறிவிடுவார். எந்தத் தேதியில் மீட்டர் எவ்வளவு காட்டியது என்று எழுதி வைத்திருந்தால் இதில் எதுவுமே பிரச்சினை இல்லை.

சாவி வாங்கும் அன்று

பையை இறக்கும் முன் மீட்டர் போர்டுக்குப் போங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும்: தேதி, வோல்டேஜ், அதிகபட்ச லோடு, கிலோவாட்ஹவர். பில் போடுவது கிலோவாட்ஹவர் (kWh, அதாவது யூனிட்) என்று வரும் எண்ணை வைத்து. அவசரத்தில் வேறு எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்துக் கணக்கு உதைப்பது அடிக்கடி நடக்கிறது. மீட்டரின் வரிசை எண்ணும் கிலோவாட்ஹவர் எண்ணும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அங்கேயே வீட்டு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியும் சாட்சியும் அதிலேயே வந்துவிடும்.

அடுத்தது ஐந்து நிமிட வேலை. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். கரண்ட் ஓடும் வேகத்துக்கு ஏற்ப மினுக்கும் விளக்கு அது. மெயினை அணைத்த பிறகும் மினுக்கினால் வேறு யாருடைய லோடோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. மாடிப்படி விளக்காக இருக்கலாம், கீழ்வீட்டு மோட்டாராக இருக்கலாம். மோட்டாரை ஒருமுறை போடச் சொல்லி மினுக்கல் வேகமாகிறதா என்றும் பாருங்கள். ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட். மொத்த வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் உங்கள் மீட்டரில் இருந்தால், அதற்கு மாதம் இவ்வளவு கழிவு என்று அன்றைக்கே பேசிவிடலாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் நியாயமான கேள்விகூடக் குற்றச்சாட்டு மாதிரி கேட்கும்.

ஓனரிடம் வெள்ளை அட்டையைக் கேட்டு வாங்கிப் படம் எடுங்கள். கடைசியாக ரீடிங் எடுத்த தேதி, அன்றைய ரீடிங், மின் இணைப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். தஞ்சை, திருவாரூர் பக்கத்து இணைப்பு எண்கள் 06 என்று தொடங்கும். அந்த எண் கையில் இருந்தால் பில் எவ்வளவு, கட்டியாகிவிட்டதா என்று மின்வாரியத் தளத்திலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். பழைய பாக்கி இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். இணைப்பு ஓனர் பெயரிலேயே இருக்கட்டும், மாற்றத் தேவையில்லை. ஆனால் அது வீட்டு இணைப்புதானா என்று பாருங்கள். கீழே கடை, மேலே அறை என்ற கட்டடங்களில் சில சமயம் மாடிக்கும் கடை இணைப்பிலிருந்தே ஒயர் போயிருக்கும். அப்படியானால் 100 யூனிட் இலவசமும் கிடையாது, ரேட்டும் அதிகம்.

500 யூனிட் என்ற கோடு

2024 ஜூலையில் வந்த கட்டணப்படி கணக்கு இது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, அடுத்த நூறு ரூ.6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த ரூ.2.35 சலுகை போய்விடும், 101-லிருந்தே ரூ.4.70. 501 முதல் 600 வரை ரூ.8.40, அதற்கு மேல் ரேட் இன்னும் ஏறும். ஆக 500 யூனிட்டுக்கு ரூ.1,805. 510 யூனிட்டுக்கு ரூ.2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! கட்டணமும் சலுகையும் புது ஆணை வந்தால் மாறும். நீங்கள் கணக்குப் போடும் அன்று மின்வாரியத் தளத்தின் கட்டணக் கணிப்பானில் யூனிட்டைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து பேர் வீடு இந்தக் கோட்டுக்கு அருகில்தான் நிற்கும். 75 வாட் பழைய சீலிங் ஃபேன் ஐந்து, தினம் 12 மணி நேரம் என்றால் அறுபது நாளில் 270 யூனிட். சின்ன ஃபிரிட்ஜ் நாளைக்கு ஒரு யூனிட் என்று 60. மோட்டார் தினம் அரை மணி என்று ஏறக்குறைய 30. விளக்கு, லேப்டாப், சார்ஜர், அயர்ன் எல்லாம் சேர்த்து 40, 50. மொத்தம் 400 பக்கம். இதற்கு மேல் தினம் ஒரு மணி நேரம் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடினால் இன்னும் நூறு யூனிட் ஏறி, கோட்டின் மேலேயே போய் நிற்பீர்கள். மாதம் முடிந்ததும் மீட்டரைப் பார்த்து 250-ஐத் தாண்டியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தாண்டியிருந்தால் அடுத்த மாதம் சமையலை கேஸுக்கு மாற்றலாம்.

ஒரு அறையில் மட்டும் ஏசி இருந்தால் சமமாகப் பிரிப்பது மற்றவர்களுக்கு அநியாயம். ஏசி ஓடிய யூனிட்டை மட்டும் கணக்கிட்டாலும் போதாது, ஏனென்றால் மொத்த வீட்டையும் 500-க்கு மேல் தள்ளியது அந்த ஏசிதான். ஏசி லைனில் ஓடும் யூனிட்டை மட்டும் காட்டும் ஒரு சப்-மீட்டர் போடச் சொல்லுங்கள். ஏசி யூனிட்டைக் கழித்துவிட்டு வரும் பில் எவ்வளவு என்று கணிப்பானில் பாருங்கள். அது எல்லோருக்கும் பொது. உண்மையான பில்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் ஏசிக்காரர் கணக்கு. ஏசி வாங்கும் முன்பே இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரே இணைப்பில் இரண்டு வீடு

கீழ்வீடும் மாடியும் ஒரே இணைப்பில் இருப்பது இங்கே சகஜம். வீட்டுக்கு 350 யூனிட் என்று வைத்துக்கொண்டால் தனித்தனி இணைப்பில் 940 வீதம் இரண்டுக்கும் ரூ.1,880. ஒரே இணைப்பில் 700 யூனிட்டாகச் சேர்ந்தால் ரூ.3,825. இரண்டு மடங்குக்கு மேல். வீடு பார்க்கும்போது வாடகையில் ஐந்நூறு குறைக்கப் பேசுவதைவிட, தனி மீட்டர் உள்ள வீடா என்று முதலில் கேளுங்கள்.

பொது இணைப்பு என்றால் சப்-மீட்டர் இருக்கும், ஓனர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரு ரேட் சொல்வார். மேலே சொன்ன பில்லில் யூனிட்டுக்கு ரூ.5.46-தான் ஆகிறது: மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, உங்கள் சப்-மீட்டர் யூனிட்டால் பெருக்குங்கள். “அண்ணே, ஈபி பில்லைக் காட்டுங்க, அதுல எங்க யூனிட்டுக்கு என்ன வருதோ அதைக் கொடுத்துடுறோம்” என்று முதல் பேச்சிலேயே தன்மையாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மெயின் மீட்டர் ரீடிங் எடுக்கும் அதே நாளில் சப்-மீட்டரையும் எடுக்க வேண்டும். நாலு நாள் தள்ளிப்போனால் அந்த நாலு நாள் யாருடையது என்று தெரியாது.

ஆள்-நாள் கணக்கு

லீவுக்குப் போனவர் பங்கு எவ்வளவு என்பதற்கு ஆள்-நாள் முறையைவிடச் சுத்தமான வழி கிடையாது. நாலு பேர், அறுபது நாள் பில். ஒருவர் இருபது நாள் ஊரில் இருந்தார். மூன்று பேருக்கு 60 வீதம் 180, அவருக்கு 40, மொத்தம் 220 ஆள்-நாள். பில் ரூ.1,430 என்றால் ஒரு ஆள்-நாளுக்கு ரூ.6.50. மூவருக்கு 390 வீதம், அவருக்கு 260.

கரண்ட், கேஸ், மளிகை, தண்ணீர் கேன் இவற்றுக்கு மட்டும் இந்த முறை. வாடகை, நெட், வீடு கூட்டும் அக்காவின் சம்பளம் ஆள் இல்லாவிட்டாலும் ஓடுபவை. அதில் கழிவு கிடையாது. சனி, ஞாயிறு ஊருக்குப் போய் வருவதையும் கழிக்க வேண்டாம். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போனால்தான் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கும்பகோணத்துப் பையனுக்கு மாதம் எட்டு நாள் கழிவு, ராமநாதபுரத்துப் பையனுக்கு ஒன்றுமில்லை என்று ஆகும். விருந்தாளி ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் அவர் நாளும் அழைத்து வந்தவர் கணக்கில் சேரும்.

டெல்டா வீடுகளில் இன்னொன்று உண்டு. அறுவடை முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து 25 கிலோ அரிசி மூட்டை வந்து இறங்கும். அன்போடு வருவது, அதனால் யாரும் விலை பேச மாட்டார்கள். மூன்றாவது மூட்டை வரும்போது கொண்டு வந்தவருக்கே மனசுக்குள் உறுத்தும். அதே ரக அரிசிக்குக் கடையில் என்ன விலையோ அதை மளிகை நோட்டில் அவர் கொடுத்த பணமாக எழுதிவிடுங்கள். வேண்டாம் என்பார், இருந்தாலும் எழுதுங்கள்.

தண்ணீர், கேஸ், நெட்

நகராட்சி, மாநகராட்சித் தண்ணீர் வரியும் சொத்து வரியும் ஓனர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அங்கே சமையலுக்கும் கேன்தான், செலவு ஏறும். 20 லிட்டர் கேனுக்குச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, வந்த அன்று கோடு போடுவது போதும். காலி கேனுக்குக் கட்டிய டெபாசிட்டையும் அதிலேயே எழுதுங்கள்.

நிரந்தர கேஸ் இணைப்புக்கு வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகக் கொடுக்கலாம். அது முடியாவிட்டால் அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். கிலோவுக்கு விலை கூடுதல். 14.2 கிலோ சிலிண்டர் வந்ததும் வாங்குபவர் சீலையும் எடையையும் பார்க்க வேண்டும். சிலிண்டர் கழுத்தில் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 சேர்த்தால் வருவதுதான் சரியான எடை. டெலிவரி குறியீடு பதிவு செய்த போனுக்குத்தான் வரும், ஆகவே ஊருக்கு அடிக்கடி போகாதவர் பெயரில் எடுங்கள். கசிவு என்றால் 1906.

நெட்டுக்கு விளம்பர விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துப் பாருங்கள். ஆறு மாதப் பிளான் மலிவாகத் தெரியும். மே மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பணம் யார் கையில்

பில் வந்த பிறகு வசூலிக்காதீர்கள். மாதம் ஐந்தாம் தேதிக்குள் ஆளுக்கு ஒரே தொகை பொதுப்பணமாக வந்துவிட வேண்டும். கரண்டுக்கு முந்தைய பில்லில் பாதியை ஒவ்வொரு மாதமும் ஒதுக்குங்கள். அதை வைத்திருப்பவர் தன் செலவுக் கணக்கில் கலக்காமல், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத தனி சேமிப்புக் கணக்கில் வைப்பது நல்லது. செமஸ்டருக்கு ஒருவராக மாறுங்கள். எல்லா பில்லையும் ஒருவர் தலையில் கட்டினால், தேர்வு வாரத்தில் கடைசித் தேதி போய், ஃபியூஸைப் பிடுங்கியபின் மறுஇணைப்புக் கட்டணமும் சேரும்.

“இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும்” என்று குறுஞ்செய்தி வந்தால் பேசாதீர்கள், லிங்கைத் தொடாதீர்கள். அது மோசடி. சந்தேகம் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குக் கூப்பிடுங்கள்.

காலி செய்யும்போது

மே மாதம் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், கடைசி பில் அதற்குப் பிறகுதான் வரும். சாவியைக் கொடுக்கும் அன்று ரீடிங் எடுத்து, கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய யூனிட்டைக் கணிப்பானில் போட்டு, வரும் தொகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி, “கரண்ட் பாக்கி இல்லை” என்று ஓனரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டைக் காலி செய்யாமல் பூட்டிவிட்டுப் போவதானால், மீட்டர் உள்பக்கம் இருக்கும் வீட்டில் ரீடிங் எடுக்க முடியாமல் பழைய உபயோகத்தை வைத்தே பில் போடுவார்கள். அந்தத் தேதியில் திறந்துவிட பக்கத்து வீட்டில் சாவி இருக்கட்டும். நெட் ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். டெபாசிட் அந்த ரசீதுக்குத்தான் திரும்பும்.