ஒற்றை கியர் சைக்கிளை மாற்றப் போகிறீர்களா? முதலில் பற்களை எண்ணுங்கள்

பதினோரு ஆண்டுகள் என்னைச் சுமந்த சைக்கிளின் சட்டத்தில், பெடல் தண்டுகள் (கிராங்க்) சுழலும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் விரிசல் விழுந்தது. வெல்டிங் வைத்து ஓட்டினேன். நான்கே மாதத்தில் அதன் பக்கத்திலேயே மறுபடி பிளந்தது. அதற்கு மேல் அதை நம்பி ஏற மனம் வரவில்லை. கையிலிருந்த பணமோ குறைவு. ஆனாலும் கியர் மாற்றும் வண்டிக்குப் போக விருப்பமில்லை. ஒற்றை கியரில் பழுதாகும் பாகங்கள் குறைவு. அதே பணத்தில் நல்ல சக்கரமும் நல்ல பிரேக்கும் கிடைக்கும்.

மூன்று வாரம் தேடி, பயன்படுத்திய வண்டி ஒன்றை வாங்கினேன். நல்ல வண்டிதான். ஆனால் வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்காமல் விட்டேன். அவற்றைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆயிற்று. அந்த இரண்டையும் படி 4, 5 ஆகிய இடங்களில் விரிவாக எழுதியிருக்கிறேன். மற்றவற்றை அவசரமாகப் படித்தாலும் அவற்றை நிதானமாகப் படியுங்கள்.

படி 1: பழையதைக் கழிக்கும் முன் அளவெடுங்கள்

சட்டமும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் நலமாக இருந்தால் வண்டியை மாற்றவே வேண்டாம். செயின், ஃப்ரீவீல் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பின் பல்சக்கரம்), பால்ரஸ், ஏன் முழுச் சக்கரம்கூடத் தனியாக வாங்கிப் போடலாம். சட்டத்தில் விரிசல் விழுந்துவிட்டது, ஃபோர்க் வளைந்துவிட்டது, அல்லது வண்டி உங்கள் உடலுக்கு எப்போதுமே பொருந்தியதில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

பல ஆண்டுகள் ஓட்டிய வண்டி உங்கள் உடலின் அளவுகளைத் தன்னிடம் வைத்திருக்கிறது. ஓர் அளவு நாடாவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை எவ்வளவு, சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை எவ்வளவு, முன் பல்சக்கரத்தில் எத்தனை பற்கள், பின்னால் எத்தனை, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் என்ன. அந்தக் காகிதத்தைப் பையிலேயே வைத்திருங்கள். எனக்கு எந்த விற்பனையாளரின் பேச்சையும்விட அது அதிகம் உதவியது.

படி 2: பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள்

மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பயன்படுத்திய வண்டி என்றால் செயின், டியூப், பிரேக் கட்டை ஆகியவை பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்கும். புதிய வண்டி என்றாலும் பூட்டும் விளக்கும் தனிச் செலவு.

படி 3: சட்டத்தின் அளவு

தரையில் இரு பாதமும் பதிய, சட்டத்தின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால்வைத்து நில்லுங்கள். குழாய்க்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 2 அல்லது 3 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பிறகு சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுபோங்கள். முழங்கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும். அந்த உயரத்துக்கு சீட் குழாயை இழுக்கும்போது அதில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரிந்தால் சட்டம் உங்களுக்குச் சிறியது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். சீட்டின் உயரத்தை மாற்றலாம், சட்டத்தின் நீளத்தை மாற்ற முடியாது.

படி 4: பற்களை எண்ணுங்கள்

நான் முதலில் சறுக்கிய இடம் இது. வாங்கிய வண்டியில் முன்னால் 46 பல், பின்னால் 16 பல். சமதரையில் ஓட்டிப் பார்த்தபோது காற்றாகப் பறந்தது. உடனே வாங்கிவிட்டேன். ஆனால் என் அன்றாடப் பாதையில் நீளமான பாலம் ஒன்று உண்டு. பத்து நாளில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கியது.

கணக்கு எளியது. முன்பற்களைப் பின்பற்களால் வகுத்தால், பெடல் ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்று தெரியும். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, வண்டி நகரும் தூரம் கிடைக்கும். சுற்றளவை அறிய, டியூபின் வால்வு தரையை நோக்கி இருக்கும்போது தரையில் கோடு போட்டு, வால்வு மறுபடி கீழே வரும்வரை வண்டியைத் தள்ளி அளந்துகொள்ளுங்கள்.

என் பழைய வண்டி: 44 பல், 18 பல், சுற்றளவு 2.24 மீட்டர். ஒரு மிதிக்கு 5.48 மீட்டர்.

புதிது: 46 பல், 16 பல், சுற்றளவு 2.13 மீட்டர். ஒரு மிதிக்கு 6.12 மீட்டர்.

புதிய வண்டியின் சக்கரம் சிறியது என்பதால் மிதிப்பதும் இலகுவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஒவ்வொரு மிதியும் ஏறக்குறைய 12 சதவீதம் கனத்திருந்தது. கியர் மாற்ற வழியில்லாத வண்டியில் அந்த 12 சதவீதத்தை ஒவ்வொரு ஏற்றத்திலும் முழங்கால்தான் சுமக்கிறது. பின்னால் 18 பல் ஃப்ரீவீல் போட்டால் 5.44 மீட்டர், கிட்டத்தட்ட பழைய கணக்கே. வேகத்தில் பெரிய இழப்பும் இல்லை. நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் இதிலும் மணிக்கு 26 கிலோமீட்டர் வரும்.

சமதரை மட்டும் என்றால் ஒரு மிதிக்கு 5.6 முதல் 6 மீட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். ஏற்றமோ பின்னால் சுமையோ இருந்தால் 5.5க்கு மேல் போகாதீர்கள். இது என் கருத்து. உங்கள் பழைய வண்டி வலி தராமல் ஓடியிருந்தால் அதன் எண்ணே உங்களுக்குச் சரியான எண்.

சில வண்டிகளின் பின்சக்கரத்தில் ஒரு பக்கம் ஃப்ரீவீலும் மறுபக்கம் நிலையான பல்சக்கரமும் இருக்கும். நிலைப்பல் பக்கத்தில் ஓட்டினால், வண்டி ஓடும்வரை பெடலும் நிற்காமல் சுற்றும். முதல்முறை வாங்குபவர்கள் ஃப்ரீவீல் பக்கத்திலேயே ஓட்டுங்கள். எந்தப் பக்கமானாலும் முன்னும் பின்னும் பிரேக் இருந்தே ஆக வேண்டும்.

படி 5: பின் அச்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது?

18 பல் ஃப்ரீவீலை வாங்கி மாட்டிவிட்டு, சக்கரத்தைச் சட்டத்தில் பொருத்தப் போனேன். பொருந்தவில்லை. செயின் எட்டவில்லை.

ஒற்றை கியர் வண்டியில் செயினின் இறுக்கத்தைச் சரிசெய்வது பின் அச்சுதான். சட்டத்தின் முனையில் அச்சு நுழையும் பிளவு கிடைமட்டமாக நீண்டிருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்தால் செயின் இறுகும், முன்னால் தள்ளினால் தளரும். பின்பல்லில் ஒரு பல் கூடினால் அச்சு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். எனக்கு இரண்டு பல் கூடியது, ஆகவே 6 மில்லிமீட்டர் இடம் தேவை. முந்தைய உரிமையாளர் செயினைக் கட்டையாக வெட்டியிருந்ததால், அச்சு ஏற்கெனவே பிளவின் முன்முனைக்கு அருகில் இருந்தது. இருந்த இடம் 2 மில்லிமீட்டர்தான்.

ஆகவே வாங்கும்போதே குனிந்து பாருங்கள். அச்சு பிளவின் நடுவில் இருந்தால் இருபுறமும் மாற்ற இடமுண்டு. கடைசிப் பின்முனையில் இருந்தால் செயின் தேய்ந்து நீண்டிருக்க வாய்ப்பு அதிகம். பிளவு செங்குத்தாக இருந்தால் அது பெரும்பாலும் கியர் வண்டியாகப் பிறந்து ஒற்றை கியராக மாற்றப்பட்டது. அதில் செயினை இறுக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். தொடக்கநிலையில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

எனக்குத் தீர்வு புதிய செயின். தேய்ந்த செயினில் புதிய கண்ணிகளைச் சேர்க்க வேண்டாம், பற்களோடு ஒத்துப்போகாது. அகலத்தையும் கவனியுங்கள். ஒற்றை கியருக்குப் பெரும்பாலும் உரியது 1/8 அங்குலச் செயின். கியர் வண்டிகளின் மெல்லிய 3/32 அங்குலச் செயின் அகலமான பல்லில் உட்காராது. அச்சைப் பிளவின் நடுவுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, செயினைச் சுற்றிப் போட்டு, இரு முனைகளும் சேரும் இடத்தில் வெட்டுங்கள். தேய்ந்து நீளும்போது பின்னால் இழுக்க இடம் மிஞ்சும்.

இறுக்குவதில் ஒரு முறை உண்டு. இரு நட்டுகளையும் ஒரேயடியாக முறுக்கினால் சக்கரம் சாய்ந்துவிடும். சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயின் பக்கத்து நட்டை மட்டும் பாதி இறுக்குங்கள். பிறகு டயரை இரு குழாய்களுக்கும் நடுவே கொண்டுவந்து இடப்பக்க நட்டை இறுக்குங்கள். வலப்பக்கத்தைத் தளர்த்தி மீண்டும் சரிபாருங்கள். இப்படி மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை. செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் ஆட்டினால் மொத்தம் 12 மில்லிமீட்டர் அளவுக்கு அசைய வேண்டும். பல்சக்கரங்கள் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை. ஆகவே கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாகும் இடத்தில் இந்த அளவைப் பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் தளர்ந்த இடத்தில் அளவெடுத்தேன். பெடல் கனத்து, ஒவ்வொரு சுற்றிலும் முனகியது.

கடைசியாக ஒன்று, இது பாதுகாப்பைப் பற்றியது. பின்சக்கரம் நகர்ந்தால் அதன் வெளிவளையமான ரிம்மும் நகரும், பிரேக் கட்டை நகராது. என் சக்கரம் புதிய செயினால் 6 மில்லிமீட்டர் பின்னால் போனதும், கட்டையின் மேல்விளிம்பு டயரை உரசத் தொடங்கியது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் டயர் கிழிந்திருக்கும். அச்சை நகர்த்திய ஒவ்வொரு முறையும் கட்டை ரிம்மின் மேல் மட்டும் படுகிறதா என்று பாருங்கள்.

படி 6: ரிம்

அலுமினிய ரிம்மையே வாங்குங்கள். பளபளக்கும் குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சட்டம் எளிய எஃகாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, சற்றுக் கனக்கும், அவ்வளவுதான். பணம் குறைவென்றால் சட்டத்தில் சிக்கனம் பிடித்து, சக்கரத்திலும் பிரேக்கிலும் செலவிடுங்கள்.

படி 7: பயன்படுத்திய வண்டியைச் சோதித்தல்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். வண்ணத்தில் சுருக்கமோ புடைப்போ தட்டுப்பட்டால் வண்டி முன்னால் மோதியிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனித்தால் கோட்டம் தெரியும். சிறு கோட்டம் எடுத்துவிடலாம். ரிம் நெளிந்திருந்தால் முடியாது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில் கழுத்தில் ‘டக்’ என்று ஆட்டம் இருக்கக்கூடாது. கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சீட் குழாய் மேலும் கீழும் நகர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், துருவில் இறுகிப்போனதை எடுப்பது பெரும்பாடு.

செயினின் தேய்மானத்தைப் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, எஃகு அளவுகோல் போதும். செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு முள்ளின் நடுவிலிருந்து 24 முள் தள்ளி அளந்தால் புதிய செயின் சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கிராங்க் அச்சுக்கு அடியில் பொறித்த வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். திருட்டு வண்டியாக இருக்கலாம். விற்பவரிடம் பழைய ரசீது இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஏற்றம் உள்ள பாதையைக் கேட்டு அதில் ஓட்டுங்கள்.

கருவிகள்: நீண்ட கைப்பிடியுள்ள 15 மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்றை நல்ல தரத்தில் வாங்குங்கள். அச்சு நட்டும் பெடலும் பெரும்பாலும் அந்த அளவே. இடப்பெடலுக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பல அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும், வேண்டாம்.

பிற்சேர்க்கை 1: ஃப்ரீவீல் கழலவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நாம் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்குகிறது, ஆகவே அது இயல்பு. உங்கள் ஃப்ரீவீலின் பள்ளங்களுக்குப் பொருந்தும் கழற்றியைப் பொருத்தி, அது நழுவாதபடி அச்சு நட்டைத் தொட்டும் தொடாமலும் மேலே இட்டு, கழற்றியை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்துக்கொண்டு முழுச் சக்கரத்தையும் இடப்புறமாகத் திருப்புங்கள். சக்கரத்தின் விட்டமே நெம்புகோலாகிவிடும். முதல் அசைவு வந்ததும் நட்டைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் அச்சின் மரை கெடும். புதிய ஃப்ரீவீல் வாங்கும்போது 16 பல்லுக்குக் குறைந்தவை பெரும்பாலும் வேறு மரை என்பதை நினைவில் வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: பழைய வண்டியின் நல்ல டயரைப் புதியதில் போட முடியுமா என்று இருவர் கேட்டார்கள். அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். 26 அங்குலம் என்று எழுதிய டயர் 559 ஆகவும் இருக்கலாம், 590 ஆகவும் இருக்கலாம். 28 அங்குலம் என்பது 622 அல்லது 635. டயரின் பக்கவாட்டில் 28-622 என்பதுபோல அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் இரு வண்டிகளிலும் ஒன்றாக இருந்து, அகலமும் சட்டத்துக்குள் அடங்கினால் போடலாம். என் பழைய டயர்கள் 635, புதிய ரிம் 622. 635 அளவு ரிம் உள்ள வண்டி வைத்திருந்த ஒருவரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டேன்.