பழைய பேஸ்பால் கார்டு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் படம் போட்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 1952 கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஸ்டான் மியூசியல் என்ற ஆட்டக்காரரும் மேன்டிலைப் போலவே மூன்று முறை எம்விபி (லீக்கில் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கியவர்தான். ஆண்டின் உயர்ந்த பேட்டிங் சராசரிக்கான பட்டம் மட்டும் ஏழு. மொத்தம் 3,630 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டியது). ஆனாலும் பௌமன் நிறுவனம் 1948இல் போட்ட அவருடைய ரூக்கி கார்டு (ஒரு ஆட்டக்காரருக்கு வரும் முதல் கார்டு), மேன்டில் விலைக்குக் கிட்டேகூட வருவதில்லை.

இதைப் பார்த்ததும், 'சந்தை கவனிக்காமல் விட்டுவிட்டது, என்றாவது விலை ஏறியே தீரும்' என்று புதிதாகச் சேர்க்க வருபவர்கள் கணக்குப் போடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். மியூசியல் ஓய்வு பெற்றது 1963இல். அவருடைய சாதனை ஊரறிந்த விஷயம். சந்தைக்குத் தெரியாத ரகசியம் அதில் ஒன்றுமில்லை. எத்தனை ஹிட் அடித்தார் என்று பார்த்து யாரும் விலை வைப்பதில்லை. அந்தக் கார்டு வேண்டும் என்று எத்தனை பேர் மல்லுக்கு நிற்கிறார்கள் என்பதுதான் விலை.

மேன்டில் ஆடியது நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு. ஆண்டின் சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடர்களில் 12 முறை இறங்கினார்; அதுவும் வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்துகொண்டிருந்த காலம். மியூசியல் கடைசிவரை, நியூயார்க் அளவு பெரிய ஊரல்லாத செயின்ட் லூயிஸின் அணியில் இருந்தார். கார்டுகளையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேன்டிலுடையது பெரியது, வண்ணமயமானது. மியூசியலின் பௌமன் கார்டு சின்னது, கறுப்பு வெள்ளை. 1941இல் ஆட வந்தவருக்கு ரூக்கி கார்டு வந்தது 1948இல். நடுவில் உலகப் போர் வந்துவிட்டது. அதற்குள் அவர் இரண்டு எம்விபி வாங்கியாகிவிட்டது! டாப்ஸ் நிறுவனம் அவருக்குக் கார்டு போட்டதோ 1958இல்தான். அதுவரை டாப்ஸ் பாக்கெட்டைப் பிரித்த பையன்களுக்கு அத்தனை வருஷமும் மியூசியல் கிடைக்கவே இல்லை.

சரி, அரிதாக இருந்தால் விலை ஏறுமா? இதிலும் பலர் ஏமாறுகிறார்கள். தவணை தவணையாக வந்த 1952 டாப்ஸ் கார்டுகளில் விற்காமல் தேங்கிய கடைசித் தவணைப் பெட்டிகளை 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டிய கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கடைசித் தவணையில் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அச்சடிக்கப்பட்ட மூன்று கார்டுகளில் மேன்டிலுடையதும் ஒன்று. அதைவிட அரிதான கார்டுகள் அதே தவணையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

அடுத்தது, கார்டின் விலையை ஆட்டக்காரரின் மதிப்பாக எடுத்துக்கொள்வது. அதே 1952 வரிசையில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ, கடைசி எண்ணான 407 எடி மேத்யூஸ். பையன்கள் கார்டுகளை எண் வாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்ததால், மேலே இருந்ததும் அடியில் இருந்ததும்தான் அதிகம் நசுங்கின. அதனால் பழுதில்லாத பாஃப்கோ கார்டுக்குப் பெரும் விலை. பாஃப்கோ நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குப் போனவர் இல்லை. மேத்யூஸ் 512 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்து அங்கே இடம்பிடித்தவர். அவருடைய 407 விலை அதிகம், பிந்தைய கார்டுகளோ சல்லிசாகக் கிடைக்கும்.

'பிட்சர் (பந்து வீசுபவர்) கார்டு எப்போதும் மலிவு' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பொதுவாகச் சரிதான். 363 வெற்றி கண்ட வாரன் ஸ்பானுக்கு அதற்கேற்ற கிராக்கி இல்லை. ஆனால் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமுறைகூட வாங்காத நோலன் ரயனின் 1968 ரூக்கி கார்டைத் தேடி அலைகிறார்கள். பந்தை அடிக்கவிடாமல் பேட்டரை வெளியேற்றும் ஸ்டிரைக் அவுட் 5,714, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத நோ-ஹிட்டர் ஆட்டம் ஏழு என்றால் ஜனங்களுக்கு ஒரு மயக்கம்தான். தொடர்ந்து நான்கு சை யங் வாங்கிய கிரெக் மேடக்ஸின் கதை வேறு. அவருடைய 1987 ரூக்கி கார்டுகள் வந்தபோது நிறுவனங்கள் கணக்கில்லாமல் அச்சடித்தன, வாங்கியவர்களும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். இன்றும் தாராளமாகக் கிடைக்கும் பொருளுக்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்?

கிரேடை, அதாவது கார்டின் நிலையைச் சோதிக்கும் நிறுவனங்கள் பத்துக்குப் போடும் மதிப்பெண்ணை, மறப்பது இன்னொரு தவறு. கிரேடு பத்துக்கும் ஒன்பதுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கொஞ்சம், விலை வித்தியாசம் பல மடங்கு. கிரேடு வாங்காத கார்டு என்றால், படம் நடுவில் இருக்கிறதா என்று இடது ஓரத்து வெள்ளையையும் வலது ஓரத்து வெள்ளையையும் ஒப்பிடுங்கள். நான்கு மூலைகளையும் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். தேய்ந்த ஓரத்தைக் கத்தரித்து நேராக்கி விற்பவர்கள் உண்டு. அதே வரிசைக் கார்டு ஒன்றின் மேல் வைத்து அளவு பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

என்னைக் கேட்டால், ஃபிராங்க் ராபின்சனின் 1957 டாப்ஸை நடுத்தர கிரேடில் வாங்கலாம். அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீக்கிலும் எம்விபி, 586 ஹோம் ரன், 1975இல் அவை இரண்டும் சேர்ந்த மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜர் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்). லாபத்துக்காகச் சொல்லவில்லை, அந்தப் பணத்துக்கு இவ்வளவு பெரிய ஆள் கிடைக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே கிரேடில் அண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.