கள்ளப்போதகத்தையும் காணிக்கை வியாபாரத்தையும் கண்டறிவதில் விசுவாசிகள் செய்யும் தவறுகள்

கள்ளப்போதகம் என்றால் வேதத்தை மறுத்துப் பேசுவது என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிப்படையாக மறுத்துப் பேசுகிறவரிடம் விசுவாசிகள் ஏமாறுவது அபூர்வம். ஏமாற்ற வருகிறவர் வசனத்தோடுதான் வருவார். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த பிசாசே 91-ஆம் சங்கீதத்தை எடுத்துத்தான் பேசினான் (மத்தேயு 4:6). எனவே "பிரசங்கத்தில் வசனம் இருந்ததா?" என்று பார்ப்பது போதாது. அந்த வசனம் அதன் இடத்தில் என்ன சொல்கிறதோ அதைத்தான் பிரசங்கியார் சொன்னாரா என்று பார்க்கவேண்டும்.

வசனத்தை அதிகாரத்திலிருந்து பிய்த்து எடுத்துக்கொள்வது

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய அருமையான வசனம். "இந்த வருஷம் உங்களுக்கு வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும்" என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் 28-ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்து வாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறிந்துபோகும், ஆலயத்திலிருந்து கொண்டுபோன பணிமுட்டுகள் எல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தரின் பெயராலேயே சொன்னான். கேட்க இனிமையான செய்தி. இரண்டு மாதத்தில் அனனியா இறந்துபோனான். அவன் சொன்னது நடக்கவில்லை. அதை அடுத்து வருவது, எரேமியா பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது அந்தக் கடிதம். அதைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். 11-ஆம் வசனத்தை "சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்" என்று பிரசங்கிப்பவர் அனனியாவின் செய்தியை எரேமியாவின் பெயரில் சொல்கிறார்.

இப்படிச் சரிபார்க்க இறையியல் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. பிரசங்கத்தில் முக்கியமாக நின்ற வசனத்தைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முந்தின அதிகாரம், அந்த அதிகாரம், அடுத்த அதிகாரம் மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். யார், யாரிடம், எந்த நிலைமையில் பேசுகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். பிரசங்கியார் சொல்லாமல் விட்ட வார்த்தை எது என்றும் பாருங்கள். நூறத்தனையாய்த் திரும்பக் கிடைக்கும் என்பதற்குக் காட்டப்படும் மாற்கு 10:30-இல் "துன்பங்களோடேகூட" என்பதும் இருக்கிறது. மேடையில் அது பெரும்பாலும் விழுங்கப்படும். செழிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 3 யோவான் 2 ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தின் வாழ்த்து. தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதற்கு, மல்கியா 3:10-ஐ வாசிக்கிறவர்கள் உபாகமம் 14:28, 29-ஐயும் சேர்த்து வாசிக்கவேண்டும். மூன்றாம் வருஷத்தின் தசமபாகத்தில் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாகவேண்டும் என்கிறது அது. வாங்குவதற்கு மல்கியாவைக் காட்டிவிட்டு, விதவைக்குக் கொடுப்பதில் உபாகமத்தை மறந்துவிடும் சபையில் கேள்வி எழுப்ப நியாயம் இருக்கிறது.

அற்புதம் நடந்ததால் போதகமும் சரி என்று முடிவுகட்டுவது

மிகப் பெரிய வழுக்கல் இங்கேதான். ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தாலும் அவன் வேறு தேவனிடம் அழைத்தால் கேட்காதே என்று உபாகமம் 13:1-3 சொல்கிறது. மத்தேயு 7:22, 23-இல் பிசாசைத் துரத்தினவர்களையே கர்த்தர் "உங்களை அறியவில்லை" என்கிறார். அற்புதம் போதகத்துக்கு முத்திரை அல்ல.

அற்புதமாகத் தெரிவதெல்லாம் அற்புதமும் அல்ல. அமெரிக்காவில் பீட்டர் பாப்ஆஃப் என்ற சுகமளிக்கும் பிரசங்கியார் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களின் பெயர், நோய், முகவரி எல்லாம் சொல்லிவந்தார். 1986-இல் ஜேம்ஸ் ராண்டி என்பவரின் குழு ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவியோடு கூட்டத்துக்குப் போனது. கூட்டத்துக்கு முன்பே மக்களிடமிருந்து திரட்டிய விவரங்களை பாப்ஆஃபின் மனைவி வாசிக்க, பிரசங்கியார் காதில் மறைத்துவைத்த சிறு கருவியில் கேட்டுத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அவர் திவாலானார். சில வருஷங்களில் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார். அம்பலமானதால் கடை மூடிவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு தவறுதான்.

கருவிகூட இல்லாமல் நடப்பது இன்னும் அதிகம். "உனக்கு நெருங்கினவர்களே உன்னைப் புரிந்துகொள்ளவில்லை", "ஒரு கதவு அடைபட்டு நிற்கிறது" போன்ற வாக்குகள் யாருக்கும் பொருந்தும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர், ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே குறிப்பை மாணவர் ஒவ்வொருவரிடமும் "உனக்கென்று தனியாக எழுதியது" என்று கொடுத்தார். அவர்கள் அதற்கு சராசரியாக 5-க்கு 4-க்கும் மேல் மதிப்பெண் போட்டார்கள். பொருந்தியது என்பதால் வெளிப்பாடு என்று ஆகாது.

தீர்க்கதரிசனம் கேட்டால் உடனே தேதி, சொன்னவர், அவர் சொன்ன அதே வார்த்தைகள், எப்போது நடக்கும் என்றார், எப்படி நடந்தால் அது நிறைவேறியதாக ஆகும் என்று ஐந்தையும் எழுதிவையுங்கள். ஐந்தாவதை முன்கூட்டியே எழுதாவிட்டால், பின்னால் எது நடந்தாலும் "இதைத்தான் சொன்னார்" என்று மனம் பொருத்திக்கொள்ளும். உபாகமம் 18:22-இன் சோதனை எளிமையானது: நடக்காவிட்டால் கர்த்தர் சொல்லவில்லை. நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று யோனா சொன்னது நடக்கவில்லையே என்று கேட்பார்கள். நினிவே மனந்திரும்பியது, தீங்கைக் குறித்த எச்சரிக்கைக்கு அந்த விதி உண்டு என்று எரேமியா 18:7, 8 சொல்கிறது. "உன் விசுவாசம் குறைந்ததால் உன் வீடு விற்கவில்லை" என்ற சமாளிப்புக்கு அதில் இடமில்லை. அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் நியாயத்தீர்ப்புக்கு 2011 மே 21 என்று நாள் குறித்தபோது சேமிப்பையெல்லாம் அந்தப் பிரசாரத்தில் போட்டவர்கள் இருந்தார்கள். நாள் தவறியபின் அக்டோபர் 21 என்றார். அடுத்த ஆண்டு தவற்றை ஒப்புக்கொண்டார். போன பணம் போனதுதான்.

மருந்து விஷயத்தில் மட்டும் காத்திருந்து சோதிக்க வேண்டியதில்லை. இன்சுலின், வலிப்பு மாத்திரை, இரத்த அழுத்த மருந்து, மனநல மருந்து, எதுவானாலும் "சுகமாகிவிட்டாய், நிறுத்து" என்று சொல்லும் ஊழியத்தைவிட்டு அன்றே விலகுங்கள். சுகம் மெய்யானால் பரிசோதனை அறிக்கையில் தெரியும். நிறுத்துவதை மருத்துவர் சொல்வார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வழி சொன்னார் (1 தீமோத்தேயு 5:23), துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). அவர்கள் இருவரையும் விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

தோற்றத்தை வைத்துப் பணத்தை எடைபோடுவது

விலையுயர்ந்த கார் வைத்திருக்கிறவர் கள்ளர், பழைய சட்டை போட்டிருக்கிறவர் உண்மையுள்ளவர் என்ற கணக்கு இரண்டு பக்கமும் தப்பும். சம்பளம் வாங்குவது வியாபாரம் அல்ல. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனால் பிழைப்பு உண்டாகவேண்டும் என்று கர்த்தரே கட்டளையிட்டார் (1 கொரிந்தியர் 9:14). போதகரைப் பட்டினி போடும் சபையும் தவறுதான் செய்கிறது.

கிருபைக்கு விலை குறிக்கும்போதுதான் வியாபாரம் ஆரம்பிக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: பணம் தராவிட்டால் இந்த ஜெபம், இந்த எண்ணெய், போதகரோடு இந்தச் சந்திப்பு எனக்குக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அங்கே நடப்பது விற்பனை. பரிசுத்த ஆவியின் வரத்தை வாங்க சீமோன் பணத்தை நீட்டியபோது பேதுரு எப்படிச் சீறினார் என்று அப்போஸ்தலர் 8:20-இல் பாருங்கள். குஷ்டம் நீங்கிய நாகமானிடம் எலிசா தீர்க்கதரிசி ஒன்றும் வாங்கவில்லை; பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுவஸ்திரங்களும் வாங்கிய அவர் வேலைக்காரன் கேயாசிக்கு நாகமானின் குஷ்டம் ஒட்டிக்கொண்டது. ஆதிச்சபையின் கைநூலாகிய திதாகே இதில் கண்டிப்பானது: ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம்; மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி; புறப்படும்போது பணம் கேட்டாலும் அப்படியே. ஆவியில் பேசுகிறேன் என்று தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்காதே, ஏழைகளுக்காகக் கேட்டால் குறைசொல்லாதே என்றும் பிரித்துச் சொல்கிறது.

நெருக்கும் முறையிலும் வியாபாரம் தெரிந்துவிடும். "இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள்" என்று கெடு வைப்பது, தொகை கூடக்கூட ஆசீர்வாதமும் கூடுவதாக அட்டவணை போடுவது, கடன் வாங்கியாவது, நகையைக் கழற்றியாவது காணிக்கையை விதையாக "விதைக்க"ச் சொல்வது, இசையை ஏற்றிக்கொண்டே கைகளை உயர்த்தவைத்து எல்லார் முன்னும் எண்ணுவது. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்ற 2 கொரிந்தியர் 9:7 இவற்றில் எதையும் அனுமதிக்காது. மனதில் எழுந்த தொகையை உடனே கொடுக்காமல் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். தேவன் ஏவினது வாரம் கழித்தும் இருக்கும். இசை ஏவினது இறங்கிவிடும்.

கணக்குக் கேட்பதை அவிசுவாசம் என்று நினைப்பது

எருசலேம் பரிசுத்தவான்களுக்கான பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவோடு, சபைகள் தெரிந்துகொண்ட ஒரு சகோதரரையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரம் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கவேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:18-21). அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டது.

நல்ல நடைமுறை இப்படி இருக்கும். காணிக்கையை உறவினர் அல்லாத குறைந்தது இருவர், கூட்டம் நடந்த இடத்தைவிட்டு வெளியே போவதற்கு முன்பே எண்ணுவார்கள். ஆட்கள் சுழற்சி முறையில் மாறுவார்கள். தொகையைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலை நாளில் வங்கியில் போடுவார்கள். எண்ணினவர் அல்லாத மூன்றாம் ஆள் ஒருவர் அந்தத் தாளையும் வங்கிச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கணக்கு ஊழியத்தின் பெயரில் இருக்கும், பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். தனிநபரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். போதகரின் படத்தை வைத்துப் போலிக் கணக்கு நடத்துகிறவர்களும் இதே வழியில்தான் பணம் கேட்கிறார்கள்.

ஆண்டுக் கணக்கு கையில் கிடைத்தால் மொத்தத் தொகையைப் பார்த்து வியந்து மூடிவைத்துவிடாதீர்கள். தணிக்கை செய்தவர் வெளியாளா? நிர்வாகக் குழுவில் எத்தனை பேர் ஒரே குடும்பம்? போதகரின் சம்பளத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவரே உட்காருகிறாரா? நிலமும் கட்டடமும் யார் பெயரில்? சபைப் பணத்தில் அச்சிட்ட புத்தகங்களின் வருமானம் யாருக்கு? அனாதைகளுக்கென்று வாங்கிய பணம் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, பொதுக்கணக்கில் கரைந்துவிட்டதா? கடைசிக் கேள்வியில்தான் பல ஊழியங்கள் சறுக்குகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம் பேக்கரின் ஊழியம் 1,000 டாலர் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் விடுதியில் மூன்று இரவு இலவசம் என்று வாக்களித்தது. அறைகள் தாங்காத அளவுக்குப் பங்காளர்களைச் சேர்த்துக்கொண்டு, பணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பினார்கள். 1989-இல் மோசடிக் குற்றத்துக்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது.

கேட்டால் "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற வசனம் வரும். சங்கீதம் 105:15 அந்நிய தேசத்தில் அலைந்த ஆபிரகாமையும் ஈசாக்கையும் யாக்கோபையும் ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததைப் பாடுகிறது. சவுலைக் கொல்ல மறுத்த தாவீது, அவன் செய்த அநியாயத்தை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னான் (1 சாமுவேல் 24). பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டார் (கலாத்தியர் 2). பவுல் சொன்னதையே வேதத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது.

எல்லாரையும் கள்ளர் என்பது

மேலே சொன்னதையெல்லாம் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் பலர் இந்தக் குழியில் விழுகிறார்கள். கிறிஸ்து யார், அவர் மரித்து உயிர்த்தெழுந்தார், கிருபையினால் இரட்சிப்பு, இவற்றை மாற்றுவது வேறு சுவிசேஷம். அதற்குக் கலாத்தியர் 1:8-இன் சாபம் உண்டு. ஞானஸ்நான முறை, சபை ஆளுகை போன்றவற்றில் தேவபக்தியுள்ளவர்களே பிரிந்து நிற்கிறார்கள். போஜனம், நாட்கள் பற்றியவற்றை ரோமர் 14 அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறது. மூன்றையும் ஒரே தராசில் போடக்கூடாது. அப்பொல்லோ அரைகுறையாகப் போதித்தபோது பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவரைத் தனியே அழைத்துத் திருத்தினார்கள், அவரும் ஏற்றுக்கொண்டார். அறியாமல் தவறுகிறவருக்கும் அறிந்தே ஏமாற்றுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் திருத்தும்போதுதான் தெரியும். முப்பது விநாடி வெட்டுக் காட்சியை அனுப்புமுன் முழுப் பிரசங்கத்தையும் கேளுங்கள். குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் (1 தீமோத்தேயு 5:19). ஆனால் அந்த விதியைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையையோ பண மோசடியையோ சபைக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்த்தால் உடன்படாதீர்கள். அவை காவல்துறைக்குப் போகவேண்டியவை.

வீட்டில் பெரியவர் ஒருவர் இப்படிப்பட்ட ஊழியத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால், பிரசங்கியாரைத் திட்டி ஆரம்பிக்காதீர்கள்; அது அவருடைய ஜெப வாழ்க்கையையே கேலி செய்வதாகப் படும். வங்கிப் புத்தகத்தை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பங்காளர் திட்டத்துக்கு மாதாமாதம் தானாகப் போகும் தொகை ஏதாவது இருந்தால் அவர் சம்மதத்தோடு வங்கியில் எழுதிக்கொடுத்து நிறுத்துங்கள். இரசீதுகள், வந்த கடிதங்கள், குரல் பதிவுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக எடுத்துவையுங்கள். அவர் கொடுக்க விரும்பும் அதே தொகையை, முகம் தெரிந்த ஒரு விதவைக்கோ நோயாளிக்கோ அவர் கையாலேயே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.