டேனரி தொட்டிக்குள்ள இறங்கச் சொன்னா என்னெல்லாம் பாக்கணும்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரில, அதாவது தோல் பதனிடுற ஃபேக்டரில, வேலை பாக்கறவங்க நெறைய பேரு தோல் பதனிட போடுற குரோம் உப்புதான் டேஞ்சர்னு நினைச்சிட்டிருக்காங்க. குரோம் கையை அரிக்கும், புண்ணாக்கும், வாஸ்தவம்தான், ஆனா நிமிஷத்துல ஆளைச் சாய்க்கிறது கழிவுத்தண்ணி தொட்டியில நிக்கிற கேஸு.

தோல்ல இருக்கிற முடி எடுக்க சுண்ணாம்போட சோடியம் சல்பைடு போடுறோம்ல, அந்தத் தண்ணியும் பிக்கிள் பண்ணின, அதாவது தோலை ஊறவச்ச, ஆசிட் தண்ணியும் ஒரே கால்வாயில சேந்தா ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஆசிட் கலக்கலன்னாலும் சேறு நாள்கணக்கா தேங்கினா அதுவே கேஸ் விடும், மேல ஒண்ணும் தெரியாது, மம்பட்டி போட்டு கிளறுனதும் குபுகுபுன்னு வரும். காத்தை விட கனம்கிறதால அடியிலயே தங்கிடும்.

மொதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல 100 பங்கு) தாண்டிட்டா மூக்கு மரத்துடும், நாத்தம் நின்னுடுச்சு, இறங்கலாம்னு நினைச்சுடாதீங்க, மெழுகுவர்த்தி கொளுத்தி கீழ விட்டுப் பாக்கறதும் வேணாம், அந்த கேஸே தீப்பிடிக்கும்.

பம்போ சேத்தை உறிஞ்சி எடுக்கிற சக்கர் லாரியோ வச்சு முடியும்னா ஆளே இறங்கவேணாம். வேற வழியில்லைன்னா தண்ணி வர்ற வால்வை மூடி, மோட்டார் சுவிட்சைப் பூட்டி, சாவியை இறங்குறவரே வச்சுக்கணும். ப்ளோயர் ஹோஸை அடிவரைக்கும் விட்டு காத்து அடிங்க. அப்புறம் கேஸ் மீட்டரை கயிறுல கட்டி மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் பாக்கணும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைஞ்சாலோ சல்பைடு அலாரம் அடிச்சாலோ இறங்கக்கூடாது. உள்ள இருக்கிற வரைக்கும் மீட்டர் உடம்புல இருக்கணும், ப்ளோயரும் ஓடணும். மூஞ்சில துண்டு கட்டுறதால ஒரு பிரயோஜனமும் இல்ல. உடம்புல மாட்டுற பெல்ட்டான ஹார்னஸ் போட்டு, கயிறு வெளிய ட்ரைபாட்ல (மூணு கால் ஸ்டாண்டுல), அதைப் பிடிக்க ஒருத்தர், அவருக்கு டீ வாங்கிட்டு வர்ற வேலையெல்லாம் குடுக்காதீங்க.

உள்ள ஒருத்தர் விழுந்துட்டா நீங்க குதிக்காதீங்க, கூடப்பொறந்தவனா இருந்தாலும். காப்பாத்தப் போன ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் சேந்து சாகுறதுதான் இந்த விபத்துல வழக்கமா நடக்குது. கயிறை இழுங்க, 108-க்கும் 101-க்கும் போன் அடிங்க, காத்து சிலிண்டர் மாட்டினவங்க மட்டும் இறங்கட்டும்.

கேஸ் இருக்கிற இடத்துல சோதிக்காம ஆளை இறக்கக்கூடாதுன்னு 2025 நவம்பர் வரைக்கும் நடைமுறைல இருந்த 1948 ஃபேக்டரி சட்டம் 36-வது பிரிவுலயே இருந்துச்சு, அதனால மீட்டர் கேட்டா மேஸ்திரி முறைச்சாலும் கேளுங்க.

வெளிய வந்தவருக்கு தெளிஞ்சிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பாதீங்க, சில மணி நேரம் கழிச்சுகூட நுரையீரல்ல நீர் கோக்கும். ஆஸ்பத்திரில மயக்கம்னு மட்டும் சொல்லாம சல்பைடு கேஸ்னு பேரைச் சொல்லுங்க.