சிறிய வட்டுதான் முதலில் நிரம்பும்

தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலைப் படிகளில் பாதி ஏறியிருந்தேன். “அண்ணா, கேமரா படம் ஒன்றுகூடச் சேமிப்பில் ஏறவில்லை” என்று உடன் வேலை செய்யும் தம்பி அழைத்தான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் செஃப் கிளஸ்டரை, அதாவது பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பாக இணைக்கும் செஃப் (Ceph) மென்பொருள் ஓடும் சர்வர் தொகுப்பை, நாங்கள் இருவரும்தான் கவனிக்கிறோம். மொத்த இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலி என்றே திரை காட்டியது. ஆனால் ஒரு வட்டு 95 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. செஃப் எழுதுவதை நிறுத்த அது ஒன்றே போதும்.

எங்களிடம் 3 சர்வர்கள். இரண்டில் தலா 12 டெராபைட். பழையதில் 1 டெராபைட் வட்டுகள் நான்கு. மொத்தம் 28, ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதிகள், ஆக 9 டெராபைட் வைக்கலாம் என்று கணக்குப் போட்டால் தவறு. ஒவ்வொரு பிரதியும் வேறு சர்வரில் இருக்கவேண்டும் என்பதால், பழைய சர்வரும் எல்லாத் தரவையும் ஒருமுறை முழுதாகச் சுமந்தே ஆகவேண்டும். அதன் 4 டெராபைட்தான் உங்கள் உண்மையான எல்லை. வட்டின் எடையை, அதாவது அதற்குச் செஃப் ஒதுக்கும் பங்கைக் குறைத்துப் பயனில்லை. பிரதி போக வேறு சர்வர் இல்லையே.

அந்த எல்லையும் முழுதாக உங்களுக்கில்லை. அன்று பழைய சர்வரில் நான்கு வட்டுகளும் 70 விழுக்காட்டில் இருந்தன. ஒன்று பழுதானது. 10 நிமிடம் பொறுத்துவிட்டு, செஃப் அதன் தரவை மற்ற மூன்றிலும் எழுதத் தொடங்கியது. நான்கு 70கள் சேர்ந்தால் 280. அதை மூன்றால் வகுத்தால் 93! நிரப்பும் வேலை 90இல் நின்றது. புதிய படங்கள் வந்துகொண்டே இருந்ததால் 95 ஆனது.

ஆகவே சிறிய சர்வரில் ஒரு வட்டு போனதாகவே வைத்துக் கணக்கிடுங்கள். மீதி 3 டெராபைட்டில் 85 விழுக்காடு, அதாவது 2.55 டெராபைட். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ‘செஃப் ஓஎஸ்டி டிஎஃப் ட்ரீ’ கட்டளையில் ஒவ்வொரு வட்டின் நிரப்பு அளவையும் தினமும் பாருங்கள். மொத்தத் தொகையை நம்பவேண்டாம். செஃப் தரவைப் பிரித்து வைக்கும் பிளேஸ்மென்ட் குழுக்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். 30 ஜிகாபைட் குழு ஒன்று 1 டெராபைட் வட்டில் 3 விழுக்காட்டை அடைத்துக்கொள்ளும். எண்ணிக்கை கூடிக் குழுக்கள் சிறிதானால் பங்கீடு சீராகும். குழுக்களை வட்டுகளுக்குச் சீராகப் பங்கிடும் பேலன்சர், ‘அப்மேப்’ என்ற முறையில் ஓடட்டும்.

நிரம்பியே விட்டால், செஃப் எழுதுவதை நிறுத்தும் முழு வரம்பை 95இலிருந்து 96 விழுக்காடு ஆக்கி, தேவையற்ற பழைய படங்களை அழியுங்கள். இடம் கிடைத்ததும் வரம்பை அன்றே 95க்குத் திருப்புங்கள்.