நினைவு பிறழ்ந்தவரிடம் நாம் செய்யும் தவறுகள்

காலையிலிருந்து மருத்துவமனைக் கட்டிலை விட்டு இறங்காத ஒருவர், "இப்பத்தான் ஆபீஸ்லேருந்து வந்தேன், மீட்டிங் முடிய நேரமாயிடுச்சு" என்கிறார். அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. வீட்டாருக்கு முதலில் திகைப்பு, அப்புறம் கோபம்: ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்? மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் இந்தக் கேள்விதான்.

பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும். இவருக்குத் தெரியாது, சொல்வதை முழுதாக நம்புகிறார். மருத்துவர்கள் இதைக் கன்ஃபாபுலேஷன் என்பார்கள். நினைவு கூரும் ஒவ்வொரு முறையும் மூளை துண்டு துண்டாக இருப்பதைச் சேர்த்துத்தான் ஒரு நிகழ்வை உருவாக்குகிறது. அது இன்று நடந்ததா, என்றோ நடந்ததா, வெறும் நினைப்பா என்று சரிபார்ப்பதில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைக்குப் பெரும் பங்கு உண்டு. தலையில் அடிபட்டோ, அங்குள்ள ரத்தக்குழாய் வீக்கம் வெடித்தோ அந்தப் பகுதி பழுதானால், பழைய நினைவு இன்றைய நிகழ்வாக வந்து நிற்கும். ஆபீஸ் மீட்டிங் உண்மையாகவே நடந்திருக்கலாம், காலம்தான் இடம் மாறியிருக்கிறது.

அடுத்த தவறு, துருவித் துருவிக் கேட்பது. "நல்லா யோசிச்சுப் பாருங்க, காலையில யார் வந்தாங்க?" என்று அழுத்தும்போது, நினைவில் இல்லாத இடத்தை மூளை எதையாவது வைத்து நிரப்பிவிடுகிறது. அவரைச் சோதிக்கப் போய் ஒரு புதுப் பொய் நினைவுக்கு நாமே வழி செய்கிறோம். "காலையில அண்ணன் வந்து உங்களைப் பார்த்துட்டுப் போனார்" என்று நாமே சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

ஆதாரம் காட்டி வாதாடுவதும் பெரும்பாலும் வீண். காலண்டரைக் காட்டினால் அதற்கும் ஒரு விளக்கம் வரும். சிலர் சொல்வதோடு நிற்காமல், எப்போதோ வளர்ந்துவிட்ட மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிடுவார்கள். வாசலை மறித்து நிற்பதைவிட, "பையன் பத்திரமா இருக்கான், உட்காருங்க" என்று அந்தக் கவலைக்குப் பதில் சொல்லிப் பேச்சை மாற்றுவது பலன் தரும். அதற்காக, "மேனேஜர் என்ன சொன்னார்?" என்று கேட்டுக் கதையை வளர்க்கவும் கூடாது.

அப்படியானால் திருத்தவே கூடாதா? அது நோயைப் பொறுத்தது. விபத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு தேறி வருபவருக்கு, நாள், இடம், நடந்தது என்ன என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பது உதவும். முற்றிய டிமென்ஷியாவில், அதாவது மறதி நோயில், அம்மா எங்கே என்று கேட்பவரிடம் "அவங்க செத்துப் பல வருஷம் ஆச்சே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வது, அந்தச் சாவுச் செய்தியைப் புதிதாகக் கொடுப்பதுதான். அது கொடுமை என்றே நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் நேர் எதிரான தவறும் உண்டு. நினைவு சரியில்லாதவர்தானே என்று அவர் சொல்லும் எல்லாவற்றையும் தள்ளிவிடுவது. "வயிறு வலிக்குது", "என்னை அடிச்சாங்க" என்றால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அதேபோல, "மாத்திரை போட்டுட்டேன்" என்பதைச் சரிபார்க்காமல் ஏற்கவும் கூடாது. இவர்கள் தடங்கலில்லாமல் பேசுவதால் புதிய மருத்துவர்கூட நம்பிவிடலாம். விவரம் தெரிந்த ஒருவர் கூடவே போவது நல்லது.

மிகவும் ஆபத்தானது, "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று காத்திருப்பது. திடீரென்று தொடங்கும் குழப்பம் அவசர சிகிச்சைக்கு உரியது. உதாரணமாக, ரஷ்ய மருத்துவர் செர்கெய் கோர்சகாஃப் 1880களின் பிற்பகுதியில் விவரித்த நினைவுக் கோளாறுக்குக் காரணம் தயமின், அதாவது வைட்டமின் பி1 குறைபாடு. நீண்டகாலக் குடிப்பழக்கம்தான் இந்தக் குறைபாட்டுக்கு முக்கியக் காரணம். ஆனால் ஓயாத வாந்தி, பட்டினி, உடல் எடை குறைக்கும் வயிற்று அறுவை சிகிச்சை ஆகியவற்றாலும் வரும். குழப்பம், நடையில் தள்ளாட்டம், கண்ணசைவில் கோளாறு ஆகியவை முன்னறிகுறிகள். மூன்றும் சேர்ந்தே வரும் என்பதில்லை. அந்தக் கட்டத்தில் உடனே ஊசி வழியாகத் தயமின் கொடுத்தால் பெரும் பாதிப்பைத் தடுக்க முடியும், தாமதித்தால் நினைவிழப்பு நிரந்தரமாகலாம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகவும் கூடும். ஆகவே குடிப்பழக்கத்தையோ, பல நாள் சாப்பிடாமல் இருந்ததையோ கௌரவம் பார்த்து மறைக்காமல், முதல் பேச்சிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.